தங்கச்சி போட்ட இண்டெக்ஸ்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் தங்கச்சி. மேலாளருக்கு அவளுடைய அப்பாவைவிட வயது அதிகம். அவரும் "என்னம்மா தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார். அக்கா அங்கே முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்து, போன் எடுக்கும் மேசையில் உட்கார்ந்து, காவலாளி முதல் முதலாளி வரை அத்தனை பேருக்கும் அக்காவாகிவிட்டிருந்தாள். அக்காவின் தங்கை வந்தால் தங்கச்சிதானே? டேட்டாபேஸ் வேலைக்கென்றே படித்துப் பட்டம் வாங்கி, வேறு கம்பெனிகளில் குப்பை கொட்டிவிட்டு வந்தவள் என்பதெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் எடுபடவில்லை.

அது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. நகரத்தில் உயரமாக நின்ற கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர்கள் பராமரித்த லிஃப்டுகள்தான் ஏறி இறங்கின. எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். லிஃப்டுக்குள்ளேயே பதித்திருக்கும் போனிலிருந்து அழைப்பு அக்காவின் மேசைக்கு வரும். அந்தப் போனின் எண்ணைக் கணினியில் அடித்தால் எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், முன்பு என்ன பழுது, எந்த மெக்கானிக் பார்த்தார் என்று எல்லாம் வரும். கட்டடத்தின் பெயரை மாட்டிக்கொண்டவரே சொல்லலாம்தான். ஆனால் ஒரே பெயரில் நகரத்தில் நாலைந்து கட்டடம் இருக்கும். ஒரே கட்டடத்தில் மூன்று லிஃப்ட் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு, வித்தை வேறு. அதனால் கணினி சொன்னால்தான் ஆளை அனுப்ப முடியும்.

கணினியோ சொல்வதற்கு முன் திரையின் நடுவில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிடும். அது சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

தங்கச்சி சேர்ந்த முதல் நாள் காலையில் அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். யாரோ ஒரு ஆள் மாட்டிக்கொண்டு கூப்பிட்டார். குரலில் நடுக்கம்.

"பயப்படாதீங்கண்ணா, நான் இருக்கேன்" என்றாள் அக்கா. விரல் எண்ணை அடித்தது. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. "சொல்லுங்க, கால்ல என்ன, செருப்பா ஷூவா?"

"ஷூங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

"புதுசா?"

"இன்னிக்குத்தான் போட்டேன். கடிக்குது."

"அப்ப கழட்டிப் போட்டுட்டு நல்லா சம்மணம் போட்டு உக்காருங்க. உங்களை யாரும் பாக்கப் போறதில்ல. எந்தக் கடையில வாங்கினீங்க? ஏமாத்திட்டாங்களா?"

அவர் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். திட்டத் திட்டக் குரலில் தெம்பு வந்தது. அக்கா "அட பாவி" என்று சரியான இடங்களில் சேர்த்துக்கொண்டாள். சுற்றியிருந்த மேசைகளில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கடைக்காரரின் மூன்று தலைமுறையையும் திட்டி முடித்த பிறகுதான் கட்டடத்தின் பெயர் திரையில் வந்தது. பழுது விவரத்தைப் பார்க்க அக்கா இன்னொரு பொத்தானைத் தட்டினாள். மறுபடியும் சக்கரம். பேச்சு ஷூவிலிருந்து சாக்ஸுக்குத் தாவியது.

"எங்க அக்கா வாய்க்கு இந்த வேலைதான் சரி" என்று தங்கச்சி நினைத்துக்கொண்டாள். வீட்டிலும் அப்படித்தான். காய்கறிக்காரரிடம் பேரம் முடிந்து அரை மணி நேரம் கழித்தும் வாசலில் பேச்சு நடக்கும்.

சக்கரம் ஏன் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் தங்கச்சியைச் சேர்த்திருந்தார்கள். மேலாளர் பெரிய கணினி ஒன்றை வாங்கிவிடலாம் என்று துடித்துக்கொண்டிருந்தார். "அதுக்கு முன்னால என் தங்கச்சி ஒரு பார்வை பாக்கட்டும் சார்" என்று அக்காதான் தடுத்து வைத்திருந்தாள்.

பார்த்த மாத்திரத்தில் தங்கச்சிக்குப் புரிந்துவிட்டது. கம்பெனியின் கணக்கு, வாடிக்கையாளர், உதிரிபாகம், பழுது பார்த்த வரலாறு அத்தனையும் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் இருந்தன. அது எங்கேயோ ஓடியது. தினமும் அலுவலகம் திறப்பதற்கு முன் அதிலிருந்து எல்லாத் தகவலும் பிரதியாக இறங்கி, இவர்களுடைய சொந்த டேட்டாபேஸில் வந்து உட்காரும். அதற்குக் 'காலை லோடு' என்று பெயர். அக்காவின் தேடல் திரை அந்தப் பிரதியைத்தான் பார்த்தது. அந்த மென்பொருள்காரர்களோ கணக்கு எழுதுகிறவர்களை மட்டும் மனதில் வைத்து, தகவலை வரிசை வரிசையாக அடுக்கும் டேபிள்களை அமைத்திருந்தார்கள். பில் நம்பரைக் கொடுத்தால் பட்டென்று எடுத்துக் கொடுக்கும். லிஃப்டுக்குள் இருக்கும் போன் எண்ணைக் கொடுத்துத் தேட ஒருத்தி இருப்பாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? போன் எண்ணுக்கு இண்டெக்ஸ் கிடையாது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அக்காவுக்கும் மாமாவுக்கும் இதை விளக்கினாள். மாமா பேருந்து ஓட்டுபவர். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு பெரிய அடுக்குமாடிக்குள்ள போறீங்க. ஒரு ஆளைத் தேடணும். கீழ சுவத்துல பேர்ப்பலகை இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"பலகையைப் பாத்துட்டு நேரா அந்த வீட்டுக்குப் போவேன்."

"பலகை இல்லன்னா?"

"கீழேருந்து ஒவ்வொரு கதவா தட்டணும்."

"அதேதான். இண்டெக்ஸுங்கறது அந்தப் பலகை."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை நாளா அந்தக் கம்ப்யூட்டரு ஒவ்வொரு கதவா தட்டிக்கிட்டா இருந்துச்சு?"

"ஆமாக்கா. ஒவ்வொரு தடவையும். லட்சக்கணக்கான கதவு."

"பாவம்டி" என்றாள் அக்கா, உண்மையான பரிதாபத்தோடு. "அதைப் போய் நான் என்னென்னமோ திட்டியிருக்கேன்."

மறுநாள் தங்கச்சி இரண்டு இண்டெக்ஸ் போட்டாள். ஒன்று போன் எண்ணுக்கு. இன்னொன்று பழுது வரலாற்றுக்கு. லிஃப்டின் எண்ணைச் சொன்னால் அதன் பழுதுகளைத் தேதிவாரியாக எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான். போட்டுவிட்டு அக்காவின் மேசைக்கு வந்து நின்றாள்.

அழைப்பு வந்தது. ஒரு அம்மா, கையில் துணிமூட்டையோடு மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா எண்ணை அடித்துவிட்டு வழக்கம்போல "பயப்படாதீங்கம்மா, மூட்டையில என்ன..." என்று ஆரம்பித்தாள். வாக்கியம் முடியவில்லை. திரையில் கட்டடம், லிஃப்ட், தெரு எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன.

இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்து, தரையில் தடுமாறி நிற்பவளைப் போல அக்கா ஒரு கணம் விழித்தாள். பழுது விவரத்தைத் தட்டினாள். அதுவும் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. "அம்மா, ஆள் கெளம்பியாச்சு!" என்று கத்தியேவிட்டாள். மேசைகளில் கைதட்டல் எழுந்தது. உதிரிபாகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருக்கும் என்பதைப் போல.

தங்கச்சிக்குத் தலைகால் புரியவில்லை. மேலாளர் அன்று வெளியூரில் இருந்தார். அவருக்குப் போன் போட்டு, "சார், பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். நாளைக்கு வாங்க, காட்டறேன்" என்றாள்.

மறுநாள் மேலாளர் வந்தார். கூடவே முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏணி என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கும் வந்து நின்றான். நிலைவாசலில் குனிந்துதான் நுழைவான், அத்தனை உயரம். எல்லோரும் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் கூடினார்கள். தங்கச்சி ஒரு போன் எண்ணை அடித்து, பொத்தானைத் தட்டினாள்.

சக்கரம் சுற்றியது.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள். சுற்றியது. "முதல் தடவைங்கறதால..." என்று இழுத்தாள். சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார்.

ஏணி குனிந்து அவள் காதருகில், "தங்கச்சி, செருப்பா ஷூவான்னு கேளுங்க, வந்துடும்" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தங்கச்சி அசடு வழிய நின்றாள்.

எல்லோரும் போன பிறகு டேட்டாபேஸைத் திறந்து பார்த்தாள். இரண்டு இண்டெக்ஸும் இல்லை. அழிந்ததற்கான அடையாளம்கூட இல்லை. அவள் போடவே இல்லை என்பதைப் போல இருந்தது. மறுபடியும் போட்டாள். சக்கரம் நின்றது. அடுத்த நாள் காலையில் மறுபடியும் காணோம்.

"யாரோ எடுத்துடறாங்களாடி?" என்று அக்கா சந்தேகத்தோடு ஸ்டோர்காரரைப் பார்த்தாள்.

யாரும் எடுக்கவில்லை. டேபிளின் விவரத்தைத் துருவியபோதுதான் தங்கச்சிக்கு விஷயம் பிடிபட்டது. அந்த டேபிள் பிறந்ததே அன்று காலையில்தான். காலை லோடு புதுத் தகவலைப் பழைய டேபிளில் சேர்ப்பதில்லை. பழைய டேபிளை இடித்துத் தள்ளிவிட்டு, அதே பெயரில் புதிதாகக் கட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்புகிறது. வீட்டை இடிக்கிறவன் பெயர்ப்பலகையை மட்டும் பத்திரமாக எடுத்து வைப்பானா? இடிபாட்டோடு அதுவும் போய்விடுகிறது.

"தினமும் காலையில வீட்டை இடிச்சுக் கட்டறாங்களா?" என்று அன்று மாமா மூக்கின் மேல் விரல் வைத்தார். "நம்ம வீட்டுல குழாய் மாத்தவே ஆள் வர மாட்டேங்கறான்."

தங்கச்சி அந்த மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் மனப்பாடம் செய்ததைப் போலப் பேசினார்.

"மேடம், அந்த டேபிள்கள் எங்க தகவல் ஏற்றுமதியோட பகுதி. அதுல வாடிக்கையாளர் எந்த மாற்றமும் செய்யறதை நாங்க சிபாரிசு செய்யறதில்ல."

"மாத்தலைங்க. ஒரு இண்டெக்ஸ் போடறேன். அது நிலைக்க மாட்டேங்குது."

"அது எங்க ஆதரவு எல்லைக்கு வெளியில வருது, மேடம்."

தங்கச்சிக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள். "சரிங்க, ஒண்ணு கேக்கறேன். நீங்க எத்தனையாவது மாடியில இருக்கீங்க?"

"பதினொண்ணு."

"லிஃப்ட் நின்னுபோய் எங்களுக்குக் கூப்பிடறவங்க, எங்க அக்கா உங்க டேபிள்ல தேடி முடிக்கிற வரைக்கும் உள்ளேயே நிக்கறாங்க."

மனப்பாடக் குரல் கழன்று விழுந்து, சாதாரண மனிதக் குரல் வந்தது. "எங்க லிஃப்டும் போன வாரம் நின்னுச்சுங்க. நான் உள்ளே இருந்தேன். ஒரு அக்கா எடுத்தாங்க. என் கல்லூரிக் கதையெல்லாம் கேட்டாங்க..."

"எங்க அக்காதான்" என்றாள் தங்கச்சி.

"அட!" அவர் குரல் மலர்ந்தது. "கொஞ்சம் லைன்ல இருங்க, போயிடாதீங்க."

திரும்பி வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். யாரையோ தேடி ஓடியிருக்க வேண்டும். தகவல் ஏற்றுமதிக்கான செட்டிங்ஸில் கடைசியில் யாரும் திறந்து பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறதாம். ஒவ்வொரு டேபிளும் நிரம்பி முடிந்ததும் உங்கள் டேட்டாபேஸில் ஓட வேண்டிய கட்டளை ஏதாவது இருந்தால் அங்கே எழுதி வைக்கலாமாம். இடித்துக் கட்டி முடித்த கையோடு அதையும் ஓட்டிவிட்டுத்தான் காலை லோடு விலகுமாம். "எனக்கே இன்னிக்குத்தாங்க தெரியும்" என்றார், வெட்கத்தோடு. "அக்காவை நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

தங்கச்சி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். காலியாக இருந்தது. 'இந்தப் பெயரில் இண்டெக்ஸ் இல்லையென்றால் போடு' என்று சொல்லும் கட்டளையை இரண்டுக்கும் எழுதிச் சேமித்தாள். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்கு வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் எண்ணை அடித்தாள். சக்கரம் எட்டியே பார்க்கவில்லை. பலகை மாட்டிய புது வீடு. தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தவளைத் துப்புரவு செய்ய வந்த அம்மா விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த முறை முதலாளி வந்து பார்த்தபோது சிரித்தபடியே போனார். மேலாளர் தங்கச்சியின் மேசைக்குத் தன் அறையிலிருந்த நல்ல நாற்காலியை அனுப்பி வைத்தார். அதற்குப் பிறகு ஆரம்பித்தது வேடிக்கை.

முதலில் ஸ்டோர்காரர் வந்தார். "தங்கச்சி, உதிரிபாகத்தைப் பேரை வெச்சுத் தேடினா எனக்கும் சுத்துது. எனக்கொரு பலகை மாட்டு." மாட்டினாள். கணக்குப் பிரிவு அம்மா வந்தார். அவருக்கு ஊர்வாரியாக வேண்டும். மாட்டினாள். விற்பனைக்காரர்களுக்குக் கட்டடம் கட்டிய ஆண்டு வேண்டும். அதையும் மாட்டினாள். மேலாளர் சும்மா இருப்பாரா? லிஃப்டின் உட்புற நிறத்தை வைத்துத் தேட வேண்டும் என்றார். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் எல்லோருக்கும் போட்டுவிட்டு அவருக்கு மட்டும் இல்லை என்றால் எப்படி? நிறத்துக்கும் ஒன்று போட்டாள். ஒவ்வொருவரும் தட்டிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்து நன்றி சொல்வதைக் கேட்க அவளுக்கு அத்தனை ஆசையாக இருந்தது. ஏதாவது ஒரு டேபிளைத் திறந்தால், "இதுல எதுக்குப் போடலாம்?" என்று அவளே தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு காலைப் பொழுதில் அக்கா மேசையில் உட்கார்ந்து திரையைத் திறந்தபோது அதில் எதுவும் இல்லை. சக்கரம்கூட இல்லை. எந்த எண்ணை அடித்தாலும் 'விவரம் ஏதும் கிடைக்கவில்லை' என்று வந்தது.

தங்கச்சி ஓடிப்போய்ப் பார்த்தாள். காலை லோடு இன்னும் முடியவில்லை. டேபிள்களை ஒவ்வொன்றாக நிரப்பி, நிரப்பிய ஒவ்வொன்றுக்கும் அவள் எழுதி வைத்த பலகைகளை எல்லாம் செதுக்கிக்கொண்டு நின்றது. ஒரு இண்டெக்ஸ் என்றால் அதைக் கட்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இவள் வகைதொகை இல்லாமல் போட்டிருந்தாள். நிறத்துக்கான பலகையை அது பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு வேண்டிய டேபிள் இடிபட்டுக் காலியாக, இன்னும் வரிசையில் பின்னால் காத்துக்கிடந்தது.

ஓட்டமாக அக்காவிடம் திரும்பினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மாட்டிக்கொண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். கட்டடத்தின் பெயரைச் சொன்னார். அதே பெயரில் நகரத்தில் நிறைய இருந்தன. அக்காவின் குரலில் துளிப் பதற்றம்கூட இல்லை.

"அப்படியா சார், கையில என்ன வெச்சிருக்கீங்க? பரீட்சைப் பேப்பரா? திருத்தியாச்சா? இல்லையா! அப்ப உக்காந்து திருத்துங்க சார், இதைவிட அமைதியான இடம் உங்களுக்கு எங்க கிடைக்கப் போகுது? யாரு அதிகமா எழுதியிருக்கா, படிங்க, நானும் கேக்கறேன்."

ஆசிரியர் சிரித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் மேசைக்குக் கீழே ஒரு கை தங்கச்சியின் கையைத் தேடிப் பிடித்தது. அக்காவின் கை. ஐஸ் மாதிரி குளிர்ந்து, வியர்வையில் நனைந்திருந்தது. நடுங்கியது. தங்கச்சி நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வாய், "பாருங்களேன், இந்தப் பையன் எவ்வளவு துணிச்சலா தப்பா எழுதியிருக்கான்" என்றது. கை மட்டும் விடவில்லை.

தங்கச்சி மறு கையால் தன் போனை எடுத்து மெக்கானிக்குகள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். அக்கா பேச்சோடு பேச்சாக, உள்ளே நுழையும்போது எதிரில் என்ன பார்த்தீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கினாள். கண்ணாடிக் கடை, பக்கத்தில் தையல் கடை. ஏணிக்கு அந்தத் தெரு தெரிந்திருந்தது. போனான், திறந்தான். ஆசிரியர் கட்டிலிருந்த அத்தனை பேப்பரையும் திருத்தி முடித்துவிட்டு, "ரொம்ப உபயோகமா போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாராம்.

அழைப்பை வைத்ததும் அக்கா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தங்கச்சி பின்னாலேயே போனாள்.

"அக்கா, உனக்குப் பேசறதுன்னா பிடிக்கும்னு நெனச்சேன்."

"பிடிக்கும்தான். யாரு இல்லைன்னு சொன்னா?" அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா அந்தச் சக்கரம் சுத்துறப்ப பேசறது அந்தப் பேச்சு இல்லடி. உள்ளே ஒருத்தர் மூச்சு முட்ட நிக்கறாரு. எந்த இடம்னே எனக்குத் தெரியல. தெரியலைன்னு அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். வாய் செருப்பு, சாக்ஸுன்னு பேசும், வயிறு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் அந்தச் சக்கரம் கண்ணுக்குள்ள சுத்தும்."

"ஒரு நாளும் சொன்னதில்லையே."

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? நீயும் சேந்து பயந்திருப்ப." அக்கா சிரித்தாள். "நீ முதல் தடவை சரி பண்ணினியே, அன்னிக்கு வீட்டுக்குப் போய் மூணு தட்டு சாப்பிட்டேன். உங்க மாமா பயந்துட்டாரு."

தங்கச்சி தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். தான் போட்ட ஒவ்வொரு இண்டெக்ஸாகப் பார்த்தாள். யார் அதைப் பயன்படுத்துகிறார்கள், எத்தனை முறை என்று டேட்டாபேஸே குறித்து வைத்திருந்தது. நிறத்துக்கான இண்டெக்ஸை மேலாளர் ஒரே ஒரு முறை தொட்டிருந்தார். கட்டட ஆண்டை யாருமே தொடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள். லிஃப்டுக்குள் நிற்கும் மனிதருக்கு வேண்டியது இரண்டு. ஸ்டோர்காரருக்கு உண்மையாகவே வேண்டியது ஒன்று. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டாள். அக்காவின் டேபிள்கள் முதலில் நிரம்பும்படி லோடின் வரிசையையும் மாற்றினாள்.

மேலாளருக்கு முகம் தொங்கிப்போனது. "என் கலரை எடுத்துட்டியாம்மா?"

"ஆமா சார். உங்க கலருக்காக ஒரு வாத்தியாரு லிஃப்டுக்குள்ள பேப்பர் திருத்தினாரு."

அவர் "அப்ப வேண்டாம், வேண்டாம்" என்று அவசரமாகக் கையை ஆட்டினார். நாற்காலியைத் திருப்பிக் கேட்கவில்லை.

காலை லோடு மறுபடியும் நேரத்துக்கு முடிய ஆரம்பித்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் ஒழுங்காக வரும்போது குழாயைப் பற்றி யார் பேசுகிறார்கள்? தங்கச்சிக்கும் அது பிடித்திருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் வந்த அழைப்பை அலுவலகமே சேர்ந்து கேட்டது.

"ஹலோ! யாராவது இருக்கீங்களா? நான் கேக் செய்யறவங்க. என் கையில மூணு அடுக்கு கேக் இருக்கு!"

"இருக்கேன்மா, சொல்லுங்க" என்றாள் அக்கா. எண் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. கட்டடம் வந்துவிட்டது. விரல் பழுது விவரத்தைத் தட்டியது. கதவுப் பூட்டு சிக்கும், மேல் தளத்திலிருந்து திறக்கவும் என்று ஏணியே முன்பு எழுதி வைத்திருந்த குறிப்பும் வந்துவிட்டது. தங்கச்சி எட்டிப் பார்ப்பதற்குள் ஏணிக்கும் தகவல் போய்விட்டது. அவன் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான்.

"எட்டாவது மாடியில ரெட்டைப் பிள்ளைங்களுக்குப் பிறந்தநாள்ங்க. ஒருத்திக்கு நீலம் வேணுமாம், ஒருத்திக்கு மஞ்சள் வேணுமாம். பாதி நீலம், பாதி மஞ்சள்னு போட்டிருக்கேன். இது உருகி ரெண்டும் கலந்துச்சுன்னா பச்சையாயிடும், என்னை ரெண்டு பேரும் சேந்து அடிப்பாங்க!"

"ஆள் கெளம்பியாச்சும்மா. பக்கத்துலதான் இருக்கார்." அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். தங்கச்சி அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒன்று ஒலிவாங்கியைச் சரிசெய்தது. மற்றது பேனாவைத் தேடி எடுத்தது. இரண்டிலும் நடுக்கமில்லை. "இப்ப சொல்லுங்க. க்ரீம் நிக்கவே மாட்டேங்குது எனக்கு. எவ்வளவு அடிச்சாலும் தண்ணியா ஓடுது. நீங்க எப்படி மூணு அடுக்கு நிறுத்தறீங்க?"

"கிண்ணத்தை முன்னாலயே ஃப்ரிட்ஜுல வெப்பீங்களா?"

"கிண்ணத்தையா? க்ரீமைத்தானே வெக்கணும்?"

"ஐயோ, கிண்ணமும் குளுந்திருக்கணும். அடிக்கிற கரண்டியும். இருங்க, முதல்லேருந்து சொல்றேன், எழுதிக்குங்க..."

அக்கா எழுதிக்கொண்டாள். பக்கத்து மேசைக் கணக்குப் பிரிவு அம்மாவும் எழுதிக்கொண்டார். ஸ்டோர்காரர் எழுதவில்லை என்றாலும் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்வது தெரிந்தது. சர்க்கரையை எப்போது போட வேண்டும் என்ற இடத்துக்கு வரும்போது போனில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஏணியின் குரல்.

"வணக்கம், திறந்தாச்சு. கேக்கை என்கிட்ட குடுங்க, வெளியே வாங்க."

"கேக்கைப் பிடிங்க. உயரமா பிடிங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம. ஆங், நீங்க பிடிச்சா யாருக்கும் எட்டாது" என்றார் கேக்குக்கார அம்மா. "நான் வரேன், நீங்க முன்னால போங்க."

"லிஃப்டை நிறுத்திப் பாக்கணுங்க. வெளியே வாங்க."

"இருங்க தம்பி, அக்காவுக்குப் பாதிதான் சொல்லியிருக்கேன். அக்கா, எங்க விட்டேன்? சர்க்கரை. சர்க்கரையை ஒரே தடவையா கொட்டாதீங்க..."

"அக்கா!" என்று ஏணி தூரத்திலிருந்து கூவினான். "நீங்களாவது சொல்லுங்கக்கா! திறந்த லிஃப்டை விட்டு வெளியே வர மாட்டேங்கறாங்க!"

மேலே எங்கேயோ குழந்தைகள் ஓடி வரும் சத்தமும், "மஞ்சள்! நீலம்!" என்ற கூச்சலும் போனில் கேட்டன. அலுவலகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தங்கச்சி, போனை வை என்று அக்காவுக்குச் சைகை காட்டினாள். அக்கா காதிலிருந்த கருவியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, போய் உன் வேலையைப் பாருடி என்று மறு கையால் விரட்டினாள். பிறகு பேனாவை எடுத்து, தாளைத் திருப்பி, "சொல்லுங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா போட்டு... அப்புறம்?" என்றாள்.